நிறுவன நோயறிதல்

நிறுவன நோயறிதல் என்பது ஒரு நிறுவனத்தின் செயற்பாட்டில் தோன்றும் குறைகளின் காரணங்களை முறையாக ஆராய்ந்து கண்டறியும் செயல் ஆகும். அக்காரணங்களைக் களையும் பொருட்டு நிறுவனத்தின் கட்டமைப்பு, வேலைமுறை, ஊதிய முறை, மேற்பார்வை, தகவல் ஓட்டம் முதலியவற்றைத் திட்டமிட்டு மாற்றுவதும், அம்மாற்றம் நடைபெறும் காலத்தில் பணியாளர்களை வழிநடத்துவதும் மாற்ற மேலாண்மை எனப்படும். இவ்விரண்டும் சேர்ந்தே நிறுவன மேம்பாடு என்னும் துறையின் மையமாக அமைகின்றன. உளவியல், சமூகவியல், பொறியியல், மேலாண்மையியல் ஆகியவற்றிலிருந்து இத்துறை தன் கருத்துகளைப் பெற்றுள்ளது.

இத்துறையின் வரலாறு முழுவதிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. குறை வேலை செய்யும் மனிதரிடம் உள்ளதா, அல்லது அவர்கள் வேலை செய்யும் முறையில் உள்ளதா என்பதே அக்கேள்வி. விடை தவறினால் மருத்துவமும் தவறும். அதன் விலையைப் பெரும்பாலும் பணியாளர்களே வேலையிழப்பாகச் செலுத்துகின்றனர். முறை மாறியபின் அதே மனிதர்கள் வேறு விளைவைத் தருவார்களாயின், குறை அவர்களிடம் இல்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. அத்தகைய சில நிகழ்வுகள் இக்கட்டுரையில் சற்று விரிவாக எடுத்துக்காட்டப்படுகின்றன.

பெயரும் அதன் எல்லையும்

நோயறிதல் என்னும் சொல் மருத்துவத்திலிருந்து கடன் பெறப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி லெவின்சன் 1972 இல் இதே பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியின் வரலாற்றை மருத்துவர் எழுதுவது போல ஒரு நிறுவனத்தின் வரலாறு, அமைப்பு, உணர்வுநிலை ஆகியவற்றை எவ்வாறு பதிவு செய்யலாம் என்பதை அந்நூல் விளக்குகிறது.

இவ்வுவமைக்கு ஓர் எல்லை உண்டு. நோயாளி தன் வயிற்றுவலியைப் பற்றிப் பொய் சொல்வதால் அவருக்குப் பயன் ஒன்றும் இல்லை. நிறுவனத்திலோ வலியைப் பற்றிப் பேசுபவர் ஒருவர், வலியை உணர்பவர் மற்றொருவர், வலிக்குக் காரணமானவர் வேறொருவராக இருக்கலாம். ஆலோசகரை அழைத்து ஊதியம் தருபவரே சிக்கலின் ஒரு பகுதியாக இருப்பதும் உண்டு.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் (1928–2023), 1969 இல் வெளியான தம் நூலில் தொடங்கி இதனைப் பற்றி விரிவாக எழுதினார். ஆலோசனை பெறுவதில் அவர் மூன்று வகைகளைப் பிரித்தார். முதல் வகையில் நிறுவனம் தனக்கு வேண்டிய நிபுணத்துவத்தை விலைக்கு வாங்குகிறது. தன் நோய் இன்னது என்று தானே அறிந்திருப்பதாக அது கருதிக்கொள்கிறது. இரண்டாம் வகையில் ஆலோசகர் மருத்துவரைப் போல வந்து, ஆராய்ந்து, மருந்து எழுதித் தந்துவிட்டுச் செல்கிறார். மூன்றாம் வகையில் நிறுவனத்தினரும் ஆலோசகரும் சேர்ந்தே நோயைக் கண்டறிகின்றனர். தாமே கண்டறியாத நோய்க்கு எழுதப்பட்ட மருந்தை நிறுவனங்கள் உட்கொள்வதில்லை என்பதால், ஷைன் மூன்றாவது வகையையே வலியுறுத்தினார். பல நிறுவனங்களின் அலமாரிகளில் உறங்கும் ஆலோசனை அறிக்கைகள் அவர் கூற்றுக்கு ஆதரவாகவே உள்ளன எனலாம்.

அறிகுறியும் காரணமும்

ஒரு நிறுவனத்தின் சிக்கல் பெரும்பாலும் ஒரு முடிவின் வடிவிலேயே சொல்லப்படுகிறது. "தொழிலாளர்களுக்கு அக்கறை இல்லை", "நடுநிலை மேலாளர்களுக்குப் பயிற்சி போதாது", "துறைகளுக்கிடையே தொடர்பு சரியில்லை" என்பன போன்ற கூற்றுகளில் அறிகுறியும் காரணமும் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தெடுப்பதே நோயறிதலின் முதல் வேலை.

எடுத்துக்காட்டாக, ஓர் உற்பத்தி நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பொருள்கள் காலம் தாழ்த்திச் செல்கின்றன எனக் கொள்வோம். விற்பனைத் துறை உற்பத்தித் துறையைக் குறை கூறுகிறது. உற்பத்தித் துறை கொள்முதல் துறையைச் சுட்டுகிறது. தாமதம் என்பது அறிகுறி மட்டுமே. ஆராய்ந்து பார்க்கையில், விற்பனையாளர்களுக்கு மாத இறுதியில் கணக்கிட்டு ஊக்கத்தொகை தரப்படுவதும், அதனால் மாதத்தின் கடைசி வாரத்தில் ஆணைகள் குவிவதும் தெரியவரலாம். அப்போது உற்பத்தித் துறையினருக்கு நேர மேலாண்மைப் பயிற்சி அளிப்பதால் எதுவும் மாறாது. ஊக்கத்தொகை விதியை மாற்றினால் பயிற்சி எதுவும் இன்றியே தாமதம் குறையலாம். ஒவ்வொரு துறையும் தனக்குத் தெரிந்த அளவில் உண்மையே சொல்லியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹார்வுட் ஆலை ஆய்வு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மாரியன் என்னும் சிறு நகரில் ஹார்வுட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. இரவு உடைகள் தைக்கும் இவ்வாலையின் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிறுவனத்தின் தலைவர் ஆல்பிரட் மாரோ உளவியல் கற்றவர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் கர்ட் லெவினின் (1890–1947) நண்பர். 1939 முதல் லெவினும் அவர் குழுவினரும் இவ்வாலையில் ஆய்வுகள் நடத்தினர். அவற்றுள் லெஸ்டர் கோக், ஜான் பிரெஞ்சு ஆகியோர் 1948 இல் வெளியிட்ட ஆய்வு பெரும் புகழ் பெற்றது.

துண்டுக்கணக்கில் கூலி பெற்ற அத்தொழிலாளர்களுக்கு மணிக்கு 60 அலகுகள் என்பது தர அளவு. சந்தைத் தேவைக்கேற்ப வேலைமுறை மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி வீழ்ந்தது, முறையீடுகள் பெருகின, பலர் வேலையை விட்டு விலகினர். முன்னர் மாற்றத்துக்கு உள்ளானவர்களில் 38 விழுக்காட்டினர் மட்டுமே மீண்டும் 60 அலகுகளை எட்டினர். புதிய வேலையைக் கற்பது கடினமாக இருப்பதே இதற்குக் காரணம் என்பது இயல்பாகத் தோன்றும் விளக்கம். ஆனால் ஆய்வாளர்கள் பதிவேடுகளில் ஒரு முரணைக் கண்டனர். முன்அனுபவமே இல்லாத புதியவர் ஒரு வேலையைக் கற்க எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அனுபவமுள்ளவர் மாற்றப்பட்ட வேலையைக் கற்க எடுத்துக்கொண்ட காலம் அதிகமாக இருந்தது. கைத்திறன்தான் சிக்கல் என்றால் இவ்வாறு நேர முடியாது. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியதாயிற்று.

அடுத்து வந்த சிறு மாற்றங்களை அவர்கள் ஆய்வாக அமைத்தனர். உடைகளைத் தேய்த்து மடிக்கும் ஒரு குழுவினர் அதுவரை அட்டையின் மேல் அரை டசனாக அடுக்கினர். இனிப் பெட்டியில் அடுக்க வேண்டும். அவ்வளவே மாற்றம். இக்குழுவுக்கு வழக்கம்போல ஒரு கூட்டத்தில் புதிய முறையும் புதிய கூலி விகிதமும் அறிவிக்கப்பட்டன. இரண்டாவது குழுவில் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் மாற்றத்தைத் திட்டமிடுவதில் பங்கு பெற்றனர். வேறு இரண்டு சிறு குழுக்களில் அனைவருமே பங்கு பெற்றனர்.

அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் முதல் 40 நாள்களில் 17 விழுக்காட்டினர் விலகினர். உற்பத்தி 50 அலகுகள் அளவிலேயே தேங்கியது. பிரதிநிதிகள் மூலம் பங்குபெற்ற குழு 14 நாள்களில் 61 அலகுகளை எட்டியது. அனைவரும் பங்குபெற்ற குழுக்கள் முன்னிருந்த அளவைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு மிகுதியாக உற்பத்தி செய்தன. இந்த மூன்று குழுக்களிலும் எவரும் விலகவில்லை.

இவ்வாய்வின் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி இதற்குப் பின் வருவது. முதல் குழுவில் எஞ்சிய 13 பேர் இரண்டரை மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒன்றாக வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டனர். இம்முறை அவர்கள் அனைவரும் திட்டமிடலில் பங்கு பெற்றனர். அவர்களும் விரைவாகத் தேறி முன்னைய அளவைத் தாண்டினர்.

ஆயினும் இவ்வாய்வைத் தீர்ந்த உண்மையாகக் கொள்ளலாகாது. குழுக்கள் மிகச் சிறியவை. நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பிரெஞ்சு உள்ளிட்டோர் நடத்தி 1960 இல் வெளியிட்ட ஒத்த ஆய்வில் உற்பத்தி வேறுபாடு காணப்படவில்லை. ஹார்வுட்டில் பங்கேற்பைத் தவிர, கூலி விகிதம் நியாயமானது என்ற நம்பிக்கை போன்ற பிற காரணங்களும் செயற்பட்டிருக்கலாம் என்று பார்ட்லெம், லாக் ஆகியோர் 1981 இல் சுட்டிக்காட்டினர். இத்திறனாய்வு ஏற்கத்தக்கதே. எனினும் தொழிலாளர்களின் இயல்பே குறை என்ற முடிவுக்கு இதிலும் இடமில்லை.

சுரங்கமும் நெசவாலையும்

1947 இல் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. இயந்திரங்கள் வந்த பின்னும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு உயரவில்லை. பணிக்கு வராமை மிகுந்திருந்தது. இலண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்போர்த்தும் இதனை ஆராய்ந்து 1951 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

பழைய முறையில் இருவர் மூவர் கொண்ட சிறு குழு கரியை வெட்டுவது முதல் ஏற்றுவது வரை முழு வேலையையும் செய்தது. தம் கூட்டாளிகளை அவர்களே தெரிந்துகொண்டனர். இயந்திரமயமான நீள்சுவர் முறையில் ஏறத்தாழ 40 பேர் மூன்று முறைப்பணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு முறைப்பணியினர் கரிச்சுவரை வெட்டுவர். அடுத்தவர் கடத்துபட்டையை நகர்த்துவர். மற்றவர் கரியை ஏற்றுவர். முந்தைய முறைப்பணியினர் விட்டுச்சென்ற குறை அடுத்தவர் தலையில் விழுந்தது. இருளில், ஒருவரையொருவர் காணாமலே, ஒருவர் மேல் ஒருவர் பழி கூறும் நிலை உருவாயிற்று. முழுச் சுழற்சிக்கும் பொறுப்பான குழு எதுவும் இல்லை.

பின்னர் டர்ஹாம் பகுதிச் சுரங்கங்களில் ஒரே வகை இயந்திரத்தைக் கொண்டே இரு வேறு விதமாக அமைக்கப்பட்ட குழுக்கள் ஒப்பிடப்பட்டன. இதன் முடிவுகள் 1963 இல் நூலாக வெளிவந்தன. வேலைகள் துண்டாடப்பட்ட குழு, எட்டக்கூடிய உற்பத்தியில் 78 விழுக்காட்டை எட்டியது. வேலைகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு, கூலியையும் பகிர்ந்துகொண்ட கூட்டுக்குழு 95 விழுக்காட்டை எட்டியது. பணிக்கு வராமை முதல் குழுவில் 20 விழுக்காடு, இரண்டாவதில் 8.2 விழுக்காடு. ஒரே தொழில்நுட்பத்துக்கு ஒரே ஒரு வேலை அமைப்புத்தான் பொருந்தும் என்ற எண்ணம் இதனால் உடைந்தது. சமூகத் தொழில்நுட்ப முறைமை என்னும் கருத்து இவ்வாய்வுகளிலிருந்தே பிறந்தது.

இதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953 இல் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு வந்தார். அங்கு தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் உற்பத்தியும் துணியின் தரமும் உயரவில்லை. ரைஸ் தறிக்கூடத்தைப் பார்த்தபோது, பணியாளர்கள் பல்வேறு வேலைப் பெயர்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணிக்கையிலான தறிகளைக் கவனிப்பதைக் கண்டார். நெய்பவர், நூல் அறுந்தால் இணைப்பவர், எண்ணெய் இடுபவர் என ஒரு தறியைச் சுற்றிப் பலர் வந்து சென்றனர். அத்தறி எவருடைய பொறுப்பிலும் இல்லை. குறிப்பிட்ட தறித் தொகுதியை ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதனை உடனே தமதாக்கிக்கொண்டு, குழுக்களைத் தாமே அமைத்தனர். ரைஸ் தம் அனுபவங்களை 1958 இல் நூலாக எழுதினார்.

தரவு திரட்டல்

நோயறிதலுக்கான தரவுகள் பொதுவாக நேர்காணல், வினாக்கொத்து, நேரடிக் கவனிப்பு, பதிவேடுகள் ஆகிய வழிகளில் பெறப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறைபாடு உண்டு. நேர்காணலில் மக்கள் தாம் செய்வதாக நம்புவதைச் சொல்கின்றனர், செய்வதைச் சொல்வதில்லை. கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்டு ஷோன் ஆகியோர் 1974 இல் இவ்வேறுபாட்டைக் கருத்தளவில் வகுத்தனர். வினாக்கொத்தில் கேட்கப்படாத கேள்விக்கு விடை வராது. கவனிப்பவர் இருக்கிறார் என்பதாலேயே நடத்தை மாறலாம். பதிவேடுகள் அவற்றை எழுதியவரின் நலனுக்கேற்ப எழுதப்பட்டிருக்கலாம். ஆதலால் ஒரு வழியில் கிடைத்ததை மற்றொரு வழியில் சரிபார்ப்பது இன்றியமையாதது. ஹார்வுட்டில் உண்மையைக் காட்டியவை பதிவேடுகளே. சுரங்கத்தில் காட்டியது அங்கு உழைத்த ஒருவரின் அறிவு.

பெயர் வெளியிடாமை பற்றியும் கூற வேண்டும். பத்துப் பேர் கொண்ட ஒரு துறையில் வயது, பணிக்காலம், பதவி ஆகியவற்றைக் கேட்கும் "பெயரிலா" வினாக்கொத்தில் ஆளை அடையாளம் காண்பது எளிது. பணியாளர்கள் இதனை நன்கு அறிவர். ஒருமுறை நம்பிக்கை உடைந்தால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்நிறுவனத்தில் உண்மையான விடை கிடைக்காது.

திரட்டிய முடிவுகளைத் தந்தவர்களிடமே திருப்பிக் காட்டுவது கருத்தாய்வுப் பின்னூட்டம் எனப்படுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் மான் முதலியோர் டெட்ராய்ட் எடிசன் மின் நிறுவனத்தில் 1940களின் இறுதியிலிருந்து இதனை வளர்த்தனர். முடிவுகள் மேலாளரின் மேசையோடு நின்றுவிட்ட இடங்களைவிட, அவற்றைப் பற்றி ஒவ்வொரு பணிக்குழுவும் கூடிப் பேசிய இடங்களில் மாற்றம் மிகுதியாக இருந்ததை அவர்கள் கண்டனர்.

நோயறிதல் மாதிரிகள்

எதைப் பார்க்க வேண்டும் என்பதை நினைவூட்டப் பல மாதிரிகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஹரால்டு லீவிட் 1965 இல் பணி, கட்டமைப்பு, மனிதர், தொழில்நுட்பம் என்னும் நான்கையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசையும் என்று காட்டினார். மார்வின் வைஸ்போர்டின் ஆறு பெட்டி மாதிரி (1976) நோக்கம், கட்டமைப்பு, உறவுகள், வெகுமதி, தலைமை, துணை ஏற்பாடுகள் ஆகியவற்றைக் கொண்டது. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தினர் 1980 இல் வெளியிட்ட ஏழு கூறு மாதிரியும், அதே ஆண்டில் நாட்லர், டஷ்மன் ஆகியோர் வெளியிட்ட பொருத்தப்பாட்டு மாதிரியும் வணிகப் பள்ளிகளில் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன.

இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தால் அதிகப் பயன் இல்லை. இவை அனைத்தும் ஒரு பயணியின் பொருள் பட்டியலைப் போன்றவை. எதையும் மறக்காமல் இருக்க உதவும், எங்கே போவது என்று சொல்லா.

ஃபிரீமான்ட் ஆலை

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சீருந்து ஆலை 1960களின் தொடக்கத்திலிருந்து 1982 வரை இயங்கியது. அந்நிறுவனத்தின் ஆலைகளுள் மிக மோசமானவற்றில் ஒன்று எனப் பெயர் பெற்றிருந்தது. பணிக்கு வராதோர் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்த நாள்கள் உண்டு. முன்னறிவிப்பற்ற வேலைநிறுத்தங்கள் நடந்தன. தீர்க்கப்படாத முறையீடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. வேலை நேரத்தில் மது அருந்துவது பற்றியும் பேசப்பட்டது. உற்பத்தி வரிசை எக்காரணத்தாலும் நிற்கக்கூடாது என்பது அங்கு எழுதாத சட்டம். ஒரு சீருந்தில் பாகம் தவறாகப் பொருத்தப்பட்டதைத் தொழிலாளி கண்டாலும் அது அப்படியே நகர்ந்து செல்லும். பின்னர் வெளியே நிறுத்தித் திருத்தப்படும். குறையை அறிந்தவருக்கு அதை நிறுத்தும் உரிமை இல்லை. தொழிலாளர்களும் தொழிற்சங்கமும்தான் நோய் என்பதே பரவலான கருத்தாக இருந்தது. 1982 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற கூட்டு நிறுவனத்தை 1984 இல் அமைத்து அதே ஆலையைத் திறந்தன. முதலாமவருக்கு அமெரிக்கத் தொழிலாளர்களையும் தொழிற்சங்கத்தையும் கொண்டு தம் முறையை நடத்த முடியுமா என்று அறிய வேண்டியிருந்தது. இரண்டாமவருக்குச் சிறு சீருந்துகளைத் தரமாகச் செய்யும் முறையைக் கற்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அமர்த்தப்பட்டோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பழைய ஃபிரீமான்ட் தொழிலாளர்களே. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கமும் அதே சங்கம். அதன் பழைய தலைவர்களும் மீண்டும் வேலைக்கு வந்தனர்.

மாறியவை வேறு. 80க்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் நீக்கப்பட்டு, உற்பத்திப் பணியாளர் அனைவருக்கும் ஒரே பிரிவும், திறன் பணியாளருக்குச் சில பிரிவுகளும் மட்டும் வைக்கப்பட்டன. தொழிலாளர்கள் ஒரு தலைவருடன் கூடிய சிறு குழுக்களாக அமைக்கப்பட்டனர். மேலாளர்களுக்கெனத் தனி உணவகமும் தனி வாகன நிறுத்துமிடமும் இல்லாமற் போயின. முன்பு பொறியாளர்கள் நிறுத்துகடிகாரத்துடன் வந்து வகுத்த வேலைமுறையை இப்போது குழுவினர் தாமே அளந்து, தாமே எழுதினர். இது சாதாரணமாகத் தோன்றினும், நிறுத்துகடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே இம்மாற்றத்தின் சாரம் எனக் கூறின் மிகையாகாது. ஒவ்வொரு பணியிடத்துக்கும் மேலே ஒரு கயிறு தொங்கியது. குறை கண்டவர் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் உதவிக்கு வருவார். உரிய நேரத்தில் தீராவிட்டால் வரிசை நிற்கும். நூற்றுக்கணக்கான குழுத்தலைவர்கள் பயிற்சிக்காக ஜப்பானில் உள்ள டொயோட்டாவின் தக்காவோகா ஆலைக்கு அனுப்பப்பட்டனர்.

முதல் சீருந்து 1984 டிசம்பரில் வெளிவந்தது. 1986 இறுதிக்குள் நும்மியின் உற்பத்தித்திறன் பழைய ஃபிரீமான்டைவிட இரு மடங்குக்கு மேலாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பிற ஆலைகள் அனைத்தையும் விஞ்சியது. பணிக்கு வராமை சில விழுக்காடாகக் குறைந்தது.

தொழிலாளர்கள் ஏன் நம்பினர் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் ஒரு விடை உண்டு. நிறுவனம் கடும் நெருக்கடியில் அல்லாது ஆள்குறைப்புச் செய்யாது. அதற்கு முன் மேலாளர்களின் ஊதியத்தைக் குறைக்கும். வெளியே தந்த வேலைகளைத் திரும்பப் பெறும் என அதில் எழுதப்பட்டிருந்தது. 1988 இல் விற்பனை சரிந்து ஆலையின் திறனில் ஏறத்தாழ 60 விழுக்காடே பயன்பட்டபோது எவரும் நீக்கப்படவில்லை. மிகையான தொழிலாளர்கள் பயிற்சிக்கும் சீர்திருத்தப் பணிகளுக்கும் அனுப்பப்பட்டனர். வேலைமுறையில் வீணாகும் நேரத்தைச் சுட்டிக்காட்டினால் தன் வேலையே போகும் என்று அஞ்சுபவர் எதையும் சுட்டிக்காட்டமாட்டார் என்பதை நினைத்தால் இவ்வுறுதியின் பொருள் விளங்கும்.

நும்மியைப் பற்றிய கடுமையான விமரிசனங்களும் உள்ளன. மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் ஆகியோர் 1988 இல் எழுதிய நூலில், இது மன அழுத்தத்தால் நடத்தப்படும் மேலாண்மை என்றனர்; ஒவ்வொரு நொடியும் வேலையால் நிரப்பப்படுவதாகவும், சங்கம் தன் தனித்தன்மையை இழப்பதாகவும் வாதிட்டனர். 1993 இல் புதிய வகைச் சீருந்து அறிமுகமான போது உடல் உறுப்புத் தேய்வுக் காயங்கள் மிகுந்து, கலிபோர்னியா மாநிலப் பணிப்பாதுகாப்பு அமைப்பின் நடவடிக்கைக்கும் நிறுவனம் உள்ளானது. மருந்து பலன் தந்தது என்பதால் பக்கவிளைவு இல்லை என்றாகாது.

வான் நைஸ்: அதே மருந்து, வேறு விளைவு

லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸில் இருந்த தன் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1987 இல் குழு முறையை அறிமுகம் செய்தது. அம்முறை வெற்றி பெறவில்லை. ஆலை 1992 இல் மூடப்பட்டது.

காரணங்கள் பல. ஃபிரீமான்டில் ஆலை மூடப்பட்டு இரண்டாண்டுகள் வேலையின்றி இருந்தவர்கள் திரும்பி வந்தனர். வான் நைஸில் ஆலை இயங்கிக்கொண்டிருந்தது, மூடப்போவதாக அச்சுறுத்தலும் தொடர்ந்தது. சங்கம் இரண்டுபட்டிருந்தது. பணிமூப்பால் கிடைத்த உரிமைகளைக் குழு முறை பறித்துவிடும் என ஒரு சாரார் கருதினர். மேற்பார்வையாளர்களும் தம் அதிகாரத்தை இழக்க விரும்பவில்லை. மேலும், பாகங்களை வடிவமைத்தோரும் வழங்கியோரும் ஆலைக்கு வெளியே பழைய முறையிலேயே இயங்கினர். பொருந்தாத பாகம் வந்தால் கயிற்றை இழுப்பதால் என்ன பயன்? கண்ணால் காணக்கூடிய கயிறு, குழு, பதாகை ஆகியவற்றை நகல் எடுப்பது எளிது. கயிற்றை இழுத்தவருக்கு உதவி வரும் என்ற உறுதியை நகல் எடுக்க இயலாது.

வான் நைஸ் தொழிலாளர்களின் எதிர்ப்பை "மாற்றத்துக்கு எதிரான மனப்பான்மை" என்று பெயரிட்டுவிடுவது எளிது. அவர்களின் கேள்விகளைப் பார்த்தால் அது ஒரு நோயறிதலாகவே தோன்றுகிறது.

மாற்றத்தை வழிநடத்தல்

மாற்றத்தின் படிநிலைகளைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் லெவினின் மூன்று கட்டங்களோடு தொடங்குகின்றன: உறைநிலையைத் தளர்த்தல், மாற்றுதல், மீண்டும் உறையச்செய்தல். இக்கருத்து 1947 இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் சுருக்கமாகவே காணப்படுகிறது. அதே ஆண்டில் அவர் காலமானார். அதனை ஒரு முழு மாதிரியாக வளர்த்தவர்கள் பிற்காலத்தவர்களே என்று கம்மிங்ஸ், பிரிட்ஜ்மன், பிரவுன் ஆகியோர் 2016 இல் காட்டினர். லெவினின் மற்றொரு கருத்து நடைமுறையில் இன்னும் பயனுள்ளது. ஒரு நிலைமை மாறாமலிருப்பது, அதை முன் தள்ளும் விசைகளும் தடுக்கும் விசைகளும் சமமாக இருப்பதால் என்றார் அவர். தள்ளும் விசையைக் கூட்டினால் இறுக்கம் மிகும். தடுக்கும் விசையைக் குறைத்தால் இறுக்கமின்றி மாற்றம் நிகழும். ஆணை, கெடு, எச்சரிக்கை ஆகியவை முதல் வகை. வேலையிழப்பு அச்சத்தை நீக்குவது இரண்டாம் வகை.

ஜான் காட்டர் 1995 இல் எழுதிய கட்டுரையில் மாற்ற முயற்சிகள் தோற்கும் எட்டு வழிகளைத் தொகுத்தார்; இவையே பின்னர் எட்டுப் படிகள் எனப் புகழ்பெற்றன. முதற் படியாக அவசர உணர்வை உருவாக்க வேண்டும் என்பார். மூடப்படும் என்ற அச்சம் நிலவிய வான் நைஸில் அவசர உணர்வுக்குப் பஞ்சம் இருந்திருக்க முடியாது.

பண்பாட்டை முதலில் மாற்றினால் நடத்தை மாறும் என்பது பொதுவான எண்ணம். நும்மியில் பணியாற்றிய ஜான் ஷூக் 2010 இல் எழுதிய கட்டுரையில் இதை மறுத்தார். முதலில் மக்கள் செய்வதை மாற்ற வேண்டும், அதைச் செய்வதற்கான வழியைத் தர வேண்டும், எண்ணங்கள் அதன்பின் மாறும் என்பது அவர் கருத்து.

தோல்வி விழுக்காடு பற்றிய கூற்று

நிறுவன மாற்ற முயற்சிகளில் 70 விழுக்காடு தோல்வியுறுகின்றன என்ற கூற்றை மாணவர்கள் பல இடங்களில் காண்பர். ஹாமர், சாம்பி ஆகியோர் 1993 இல் வெளியிட்ட நூலில், மறுசீரமைப்பில் இறங்கிய நிறுவனங்களில் 50 முதல் 70 விழுக்காடு எதிர்பார்த்த விளைவை எட்டவில்லை என மதிப்பிட்டனர். அது அறிவியல் முறைப்படி பெறப்பட்டதன்று என்பதையும் அவர்களே குறிப்பிட்டிருந்தனர். மார்க் ஹியூஸ் 2011 இல் இத்தகைய ஐந்து கூற்றுகளை ஆராய்ந்து, அவற்றுக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு செய்தார். எனவே இவ்வெண்ணை ஆய்வு முடிவாக மேற்கோள் காட்டுவது தவறு.

மாற்றம் நீடித்தல்

ஒரு மாற்றம் வெற்றி பெற்றதா என்பது அதை அளக்கும் காலத்தைப் பொறுத்தது. காலிகோ ஆலையின் குழு முறையை எரிக் மில்லர் 1970 இல் மீண்டும் ஆராய்ந்து 1975 இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் பார்த்த நான்கு இடங்களுள் ஒன்றில் வேலை அமைப்பும் செயல்திறனும் ஏறத்தாழ மாறாமல் இருந்தன. ஏனைய மூன்றில் குழு முறை வெவ்வேறு அளவுகளில் தேய்ந்து, பழைய முறை திரும்பியிருந்தது. ஒரே நிறுவனத்தில், ஒரே காலத்தில் விதைக்கப்பட்ட ஒன்று ஓரிடத்தில் மட்டும் நிலைத்தது என்பது, மாற்றத்தைப் பெற்ற குழுவை மட்டுமன்றி அதைச் சூழ்ந்த நிலைமைகளையும் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

நும்மி ஆலை 2010 ஏப்ரல் 1 அன்று மூடப்பட்டது. நொடிப்புக்கு உள்ளான ஜெனரல் மோட்டார்ஸ் 2009 இல் கூட்டிலிருந்து விலகியபின், டொயோட்டா அதனைத் தனியே நடத்த விரும்பவில்லை. மூடுவதற்கான காரணம் ஆலையின் உள்ளே இருக்கவில்லை. அதே ஆண்டில் அவ்விடத்தை டெஸ்லா நிறுவனம் வாங்கியது. 2012 முதல் அங்கு மின்சாரச் சீருந்துகள் உற்பத்தி செய்யப்படுகின்றன.